பேய் பார்க்கப் போகிறவள்

ஓர் இடத்தில் பேய் நடமாடுகிறது என்று கேள்விப்பட்டால் மற்றவர்கள் அந்தப் பாதையை விட்டுச் சுற்றிக்கொண்டு போவார்கள். அவள் அந்தப் பாதை எங்கே பிரிகிறது என்று விசாரித்துக்கொண்டு போவாள். போவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பாள்.

"என்ன நெறத்துச் சேலைங்க? காலு தெரிஞ்சுதா? எதையாச்சும் தின்னுச்சா?"

மூன்றாவது கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் அவளை நிறுத்த முடியாது. கழுவி வைத்த கொய்னாக் காய்ச்சல் மருந்து பாட்டிலில் மோரை ஊற்றிக்கொள்வாள். குடையை எடுத்துக்கொள்வாள். "பாத்துட்டு வந்துடறன்க்கா" என்று வாசலில் இருந்தே சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள்.

அந்த அக்கா நான்தான். தர்மபுரிக்கும் பாப்பாரப்பட்டிக்கும் இடையே இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் மருத்துவச்சிகள். ஊர்ப்பெயர் வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அவள் வந்து சேர்ந்தபோது எனக்கு அங்கே மூன்று வருட சர்வீஸ் முடிந்திருந்தது. வயதிலும் நான் மூத்தவள். ஆனால் அவள் நல்ல உயரம். வாசல் நிலையில் தலை இடிக்காமல் உள்ளே வரத் தெரியாது. வந்த ஒரே மாதத்தில் ஜனங்கள் அவளைப் பெரிய நர்சம்மா என்றும் என்னைச் சின்ன நர்சம்மா என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். யாரிடம் போய் முறையிடுவது? அளந்து பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான்.

எனக்குப் பதினேழு வயதில் தாலி போயிற்று. சேலத்தில் பயிற்சி முடித்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து அந்த ஊரில் எனக்கென்று ஒரு மரியாதையை உண்டாக்கி வைத்திருந்தேன். அவள் ஏதோ ஒரு மிஷன் அனாதை விடுதியில் வளர்ந்தவள். அதற்கு மேல் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. ஆளுக்கு ஓர் அறை. நடுவில் ஒரு சமையற்கட்டு. அவள் நின்றுகொண்டே சாப்பிடுவாள். பாப்பாரப்பட்டிச் சந்தையில் ஆம்பிளை அளவில் செருப்புத் தைத்துப் போட்டிருந்தாள். அந்தச் செருப்புச் சத்தம் கேட்டால் வலியில் கிடக்கிற பெண் அழுகையை நிறுத்துவாள். என் செருப்புக்கு அப்படி யாரும் நிறுத்தியதில்லை.

பேய் பார்க்கப் போகிற பழக்கம் ஏன் என்று டாக்டர் ஒரு தரம் கோபமாகவே கேட்டார். அவள் சொன்னாள்: "பயந்துகிட்டு நேர் வழியா வர மாட்டேங்கறாங்க சார். நேத்து ஒரு பொண்ணை வலியோட அஞ்சு மைல் சுத்திக் கூட்டியாந்தாங்க. அந்தக் கல்லுக் குழி வழியா வந்திருந்தா ஒன்றரை மைலு." டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மற்ற பெண்கள் கோயிலுக்குப் போகிற முகத்தோடு அவள் அந்த இடங்களுக்குப் போவாள்.

எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமில்லை. கரட்டுக் குன்றுகளின் ஓரமெல்லாம் வட்டமாக உருட்டி வைத்த பாறைகள், நடுவே பெரிய பலகைக் கற்களை நாலு பக்கமும் நட்டு மேலே ஒன்றை மூடிய கல் அறைகள். ஜனங்கள் பாண்டவர் வூடு என்பார்கள், சும்மா கல்லு வூடு என்றும் சொல்வார்கள். எந்தக் காலத்திலோ செத்தவர்களை வைத்த இடம். நல்லம்பள்ளிப் பக்கம் ஒருவர் உழும்போது ஏர்க்கொழு ஒரு பெரிய தாழியை உடைத்துவிட்டது. உள்ளே எலும்பு. அன்றைக்கே அவருக்குக் காய்ச்சல். தாழிக்காரன் பேயாக வந்து நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான் என்றார்கள். அவள் போனாள். உச்சிவேளையில் அந்த உழவுசாலில் குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள் அந்த வீட்டுக்காரரிடம், "அவரு ரொம்ப வயசானவருங்க. தூக்கத்தைக் கெடுத்துட்டீங்கன்னு வருத்தம். மண்ணைத் தள்ளி மூடிட்டு, மேல ஒரு வருசம் உழுவாதீங்க, போயிடுவாரு" என்றாள். கூடவே கொய்னா கொடுத்தாள். காய்ச்சல் விட்டது.

கவனித்துப் பாருங்கள், பேய் இல்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. திரும்பி வந்ததும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வாள். "போயிடுச்சுங்க" என்பாள். இல்லையென்றால், "இருந்துட்டுப் போவட்டும், ஒண்ணும் பண்ணாது" என்பாள்.

கிறிஸ்தவ வேதக்காரர்கள் பத்துப் பதினைந்து குடும்பம் இருந்த ஒரு சிற்றூரில், கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஒரு பேய் பாடுகிறது என்று புரளி கிளம்பியது. மழைக்காலம். ஆடு மேய்க்கிறவர்கள் கேட்டிருக்கிறார்கள். புரியாத பாஷையில் பாட்டு. இரண்டு மத்தியானம் போய்விட்டு நனைந்துபோய் வந்தாள். "என்னடி ஆச்சு?" என்று கேட்டேன்.

"இருந்துட்டுப் போவட்டும்க்கா. நல்லா பாடுது."

அவ்வளவுதான். என்னிடம்கூட அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து அந்தக் கோயிலில் மணி அடிக்கிற கிழவர் வாரம் தவறாமல் அவளுக்கு ஆறு கோழிமுட்டை கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு என்று இருவரும் சொல்லவில்லை. பத்து வருடம் கழித்து அந்தக் கிழவரே என்னிடம் சொன்னார். அவர் மகள் கிணற்றில் விழுந்து செத்தவள். அப்படிச் செத்தவளுக்கு மணி கிடையாது, பாட்டு கிடையாது, மதிலுக்கு வெளியேதான் குழி. அதனால் ஆள் இல்லாத நேரத்தில் அவரே போய், ஐம்பது வருடம் காதில் விழுந்த லத்தீன் பாட்டைத் தனக்குத் தெரிந்த மட்டும் அவளுக்குப் பாடிக்கொண்டிருந்திருக்கிறார். "அந்தம்மா என்னைப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடுவாங்கன்னு நெனச்சன். பக்கத்துல ஒக்காந்து அவங்களும் பாடினாங்க" என்றார்.

அன்றைக்கு எனக்கு இது தெரியாது. முட்டை மட்டும்தான் தெரியும். அதில் மூன்றை எனக்கென்று எடுத்து வைப்பாள். நான் தொடமாட்டேன். பேய்கள் மேல் பொறாமைப்பட்ட மனுஷி இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். அவளுடைய ஓய்ந்த நேரமெல்லாம் அவற்றுக்குத்தான். எங்கோ ஒரு கரட்டில் யார் கண்ணிலும் படாத ஒன்றோடு அவள் உட்கார்ந்திருப்பாள். சமையற்கட்டில் நான் தனியாக உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளாவது "நீயும் வாக்கா" என்று கூப்பிட்டிருக்கலாம். நானாகவும் கேட்டிருக்கலாம். அவளே கூப்பிடட்டும் என்று இருந்தேன்.

தொழிலிலும் அவளால் என் வயிறு எரிந்தது. ஒரு நாள் காலை ஒரு பெரிய பண்ணை வீட்டிலிருந்து வில்வண்டி வந்தது. மகளுக்குத் தலைப்பிரசவம். நான் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டு நின்றேன். வண்டியோடு வந்த மனிதர் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு, "பெரிய நர்சம்மா இல்லீங்களா?" என்றார்.

"வெளியே போயிருக்கா. நான் வரேன்."

"பரவால்லீங்க. நாங்க இருந்தே கூட்டிட்டுப் போறம்."

வலியில் ஒரு பெண் கிடக்கிறாள். அவர்கள் மரத்தடியில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு மணி நேரம். அவள் வேர்த்து விறுவிறுத்து வந்து, என்னைப் பார்த்து, என் கையில் இருந்த பையைப் பார்த்து, வண்டியில் ஏறினாள். சாயங்காலம் வந்து, "ஆம்பளப் புள்ளைக்கா. உன்னைக் கேட்டாங்க" என்றாள். என்னை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அந்தப் பொய்யை அவள் சொன்ன விதம் எனக்கு வண்டிக்காரர் சொன்னதைவிட அதிகமாக வலித்தது.

அந்தச் சமயத்தில் அவள் ஒரு கல்லு வூட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். மூன்று மைலில் ஓர் ஊர். ஊரைத் தாண்டிக் கரட்டில் கல் வட்டம். நடுவில் உள்ள கல் அறையின் ஒரு பலகையில் வட்டமாக ஓட்டை, ஆள் தவழ்ந்து நுழையலாம். அந்த ஓட்டையில் ஒரு பெண்ணின் தலைமயிர் தெரிந்தது என்று மாடு மேய்க்கிறவர் ஒருவர் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கொல்லையில் வேர்க்கடலை காணாமல் போகிறது. கழனிக்குக் கொண்டுபோன களி உருண்டை காணாமல் போகிறது. தின்னுகிற பேய். கேட்க வேண்டுமா?

மூன்றாம் நாள் ஊர்க்காரர்களிடம் சொன்னாள்: "இருக்குதுங்க. பொம்பளைதான். ஒண்ணும் பண்ணாது. மத்தியானத்துல அந்தப் பக்கம் போயிடாதீங்க. வழியில அந்தப் பலகைக் கல்லு மேல களியோ கூழோ வெச்சுட்டு வந்துடுங்க." ஊர் பயந்து, முறை வைத்துக்கொண்டு சோறு வைத்தது.

அதற்குப் பிறகு அவள் பேச்சில் ஒரு மாற்றம். சமையற்கட்டுக்குள் வந்ததும், "ஊட்டா ஆயித்தாக்கா?" என்பாள். சாப்பிட்டாச்சா என்பதைக் கன்னடத்தில் கேட்கிறாள். எந்தப் பேய் அவளுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறது? ஒரு நாள் மத்தியானம் லீவு சொல்லிவிட்டு அவளுக்குப் பின்னாலேயே போனேன்.

பாறை மறைவில் நின்று பார்த்தேன். கல்லு வூட்டு நிழலில் இவள் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். மடியில் ஒரு பெண்ணின் தலை. பதினாறு வயதிருக்கும். இவள் பேன் பார்த்துக்கொண்டே ஏதோ சொல்ல, அந்தப் பெண் சிரிக்கிறாள். வாய் நிறையக் களி. "சும்னிரு அக்கா" என்கிறாள், சும்மா இரு என்று. அக்கா! எங்கள் வீட்டில் இவள் என்னைக் கூப்பிடுகிற அதே வார்த்தையை இந்தக் காட்டில் இவளுக்கு ஒருத்தி சொல்கிறாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். அந்த ஊரில் ஒரு வீட்டு மருமகள். பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக் குடும்பத்தில். புருஷன் கோலார் சுரங்கத்தில், பண்டிகைக்கு வந்துபோகிறவன். மாமியார்க்காரி உலைமூடிக்குக்கூடக் கயிறு கட்டிப் பூட்டுகிறவள் என்று ஊருக்கே தெரியும். பசித்தவள் ஒளிந்து தின்ன வேறு இடமில்லாமல் செத்தவர்கள் வீட்டுக்குள் புகுந்திருக்கிறாள்.

இரக்கம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். அந்த மடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலு நாள் கழித்து அந்த மாமியார்க்காரி கண்நோவு என்று ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவளை மல்லாக்கச் சாய்த்து மருந்து விட்டுக்கொண்டே கேட்டேன், "உங்க மருமவ மத்தியானத்துல எங்க போறா?"

"வெறகு பொறுக்கப் போறாம்மா."

"கல்லு வூட்டுல வெறகு கெடைக்குதா?"

இவ்வளவுதான் சொன்னேன். இவ்வளவு போதும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவள் சிவந்த கண்ணோடு எழுந்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். மருந்து கன்னத்தில் வழிந்தது.

மறுநாள் மத்தியானம் அந்த ஊர் ஆள் ஒருவர் ஓடிவந்தார். "நர்சம்மா, கல்லு வூட்டுப் பேய் ஒரு பொண்ணைப் புடிச்சிருச்சுங்க! வேடியப்பன் கோயில்ல பூசாரி ஓட்டறாருங்க!" மருமகளைப் பட்டினி போட்டோம் என்று எந்த வீடு ஒப்புக்கொள்ளும்? பேய் பிடித்து இழுத்துக்கொண்டு போனதாகச் சொன்னால் மானம் மிஞ்சும். அவள் குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஓடும்போதுதான் திரும்பிச் சொன்னாள்: "அந்தப் புள்ளைக்கு மூணு மாசம்க்கா."

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்று இன்றைக்குச் சொல்லலாம்.

நாங்கள் போனபோது அந்தப் பெண் மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தாள். பூசாரி கையில் புளியம் விளார். இவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவளுக்கும் விளாருக்கும் நடுவில் நின்றாள். ஒரு வீச்சு இவள் தோளில் விழுந்தது.

"நிறுத்துங்க. இது எனக்குத் தெரிஞ்ச பேயி."

"நர்சம்மா, இது ஊர் விசயம்" என்றார் பூசாரி.

"உங்க ஊர்ல நாலு வருசமா பொறந்த புள்ளைங்க யாரு கையில விழுந்துச்சுங்க? நானும் ஊர்தான். இந்தப் பேய் அடிக்குப் போவாது. நானே கூட்டிட்டுப் போறன். ஆஸ்பத்திரியில வெச்சு எறக்கறன்."

பூசாரி விளாரைத் தாழ்த்தினார். அப்போது மாமியார்க்காரி கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவள் அந்தப் பெண்ணைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மூன்று மைல். நான் மாற்றிக்கொள்கிறேன் என்று கேட்டபோது, "உன்னால முடியாதுக்கா" என்றாள். உயரத்தைத்தான் சொன்னாள்.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டிலேயே அந்தப் பெண்ணுக்கு உதிரம் கண்டது. எத்தனையோ பிரசவம் பார்த்தவள் பையை என் பக்கம் தள்ளினாள். "நீ பாருக்கா. என்னால முடியல" என்றாள். அவள் என்னிடம் முதன்முதலாகக் கேட்ட உதவி அது. நான்தான் பார்த்தேன். தங்காமல் போனதை என் கையால்தான் எடுத்தேன். இவள் அந்தப் பெண்ணின் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். எல்லாம் கழுவி முடித்தபின் கிணற்றடியில் என்னிடம் கேட்டாள், "யாரு சொல்லியிருப்பாங்கக்கா?"

"எனக்கென்ன தெரியும்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று முகத்தைப் பார்த்தேன். நம்பினவள் முகம்தான்.

இரண்டு மாதத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஓசூர்ப் பக்கம் போய்விட்டாள். அந்தப் பெண்ணையும் ஆயா வேலைக்குப் பழக்குவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாள். மாமியார் வீட்டில் யாரும் தடுக்கவில்லை, பேய் பிடித்தவளைத் தடுப்பவர் யார்? வண்டி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாளு உன்னையும் பேய் பாக்கக் கூட்டிட்டுப் போவணும்னு நெனச்சிகிட்டே இருந்தன்க்கா. நீ பயப்படுவியோன்னு விட்டுட்டன்" என்றாள். வண்டியில் அவள் பக்கத்தில் அந்தப் பெண் ஒண்டி உட்கார்ந்திருந்தாள். அப்போதும் நான் அந்த இடத்தைத்தான் பார்த்தேன்.

அவள் போன பிறகு ஊர் என்னைப் பெரிய நர்சம்மா என்று கூப்பிட ஆரம்பித்தது. கூப்பிட்ட ஒவ்வொரு தரமும் கன்னத்தில் அறைந்ததுபோல இருக்கும்.

இரண்டாவது உலகச் சண்டைக்காலத்தில் ஒரு கடுதாசி வந்தது. வாந்திபேதி கண்ட ஊருக்கு வேலை பார்க்கப் போனவள் அதிலேயே போய்விட்டாள் என்று. அடுத்த கல்லறைத் திருநாளுக்கு, கரியில் ஓடின பஸ்ஸில் நின்று நின்று அவளைப் புதைத்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். மெழுகுவர்த்தி ஏற்றுவது எங்கள் வழக்கமில்லை. இருந்தாலும் கோயில் வாசலில் ஒன்று வாங்கினேன். சின்னக் கல்லறைத் தோட்டம். மதிலோரமாகக் கூட்டிப் பெருக்கிய ஒரு மண்மேடு, மரச் சிலுவை. அங்கே வெள்ளைச் சேலையில் ஒருத்தி குந்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"சின்ன நர்சம்மாதானுங்களே?"

அந்தக் கல்லு வூட்டுப் பெண்தான். முகம் நிறைந்து, கை கால் உரம் பிடித்து ஆளே மாறியிருந்தாள். தமிழும் நன்றாகப் பேசினாள். நான் மெழுகுவர்த்தியை மண்ணில் குத்தி ஏற்றினேன். சும்மா இருக்க முடியவில்லை.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உன் மாமியாகிட்ட..."

"தெரியுங்க" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எங்க அத்தை உங்களைப் பாத்தாங்க. நீங்க தலையைக் குனிஞ்சீங்க. கீழ கெடக்கறவளுக்கு எல்லாரு மூஞ்சியும் தெரியுங்க."

நான் கேட்டேன், "அவளுக்கும் தெரியுமா?"

"தெரியாதுங்க. நான் சொல்லல." என்னை நேராகப் பார்த்தாள். "உங்களுக்காக சொல்லாம இருந்தேன்னு நெனச்சுக்காதீங்க. தெனமும் சோறு திங்கறப்ப உங்க பேச்சுதான். எங்கக்கா இருந்தா இதுக்கு இப்படித் திட்டும், எங்கக்கா ரசம் வெச்சா ஊரே மணக்கும்னு. எனக்குப் பத்திகிட்டு வருங்க. கூட இருந்தது நான், கால் அமுக்கினது நான், அக்கான்னா மட்டும் நீங்க. ஒரு நாள் சொல்லிடலாம்னு வாயெடுத்துட்டன். அப்ப உங்களை நெனச்சு எதுக்கோ சிரிச்சிகிட்டிருந்தாங்க. விட்டுட்டன்."

நான் வெட்கப்பட்டுச் சாக வேண்டிய இடம் அது. வெட்கம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்! தினமும்! மறைக்க முயன்றேன். அந்தப் பெண் கவனித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காற்று அடித்தது. என் மெழுகுவர்த்தி அணைந்தது. அவள் வைத்தது, என்னுடையதைவிடப் பெரியது, நின்று எரிந்தது. அவள் அதைப் பிடுங்கி என்னுடையதை ஏற்றுவதற்காகக் கையை நீட்டினாள்.

"வேண்டாம், எங்கிட்ட நெருப்புப்பெட்டி இருக்கு" என்றேன்.

பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு குச்சிகூட இல்லை.